பிள்ளைப்பேறும் தைரொயிட்டும்



கலியாணமாகி மூன்று நான்கு வருடமாகியும் பிள்ளையில்லை என்றால் எங்கள் ஆட்கள் முதலில் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். செவ்வாய் தோஷம், செய்யாமல் விட்ட நேர்த்தி, கண்ணூறு என்று ஊரில் சொன்னதெல்லாம் எங்களோடு விமானமேறி ஆர்ச்வே வரைக்கும் வந்துவிட்டன. இரண்டு முறை கரு கலைந்த பெண்ணிடம் "ஃபக்டரியில் பாரம் தூக்கியிருப்பாய்" என்ற பேச்சும் சேரும். ஒரு சிறிய இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய காரணம் ஒன்று இருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. நாம் வைத்தியர்கள் அல்லர், ஃபக்டரியில் வேலை செய்பவர்கள். வாசித்து அறிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

தொண்டையின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி போல இருப்பது தைரொயிட் சுரப்பி. அயடீன் குறைந்தால் கழலை வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், தன் சொந்தச் சுரப்பியையே தாக்குகிறது. காவலே வீட்டைத் தாக்குவது எப்படியென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் 1912இல் இந்த நோயை விபரித்தார். அந்த நோயில் காணப்படும் எதிர்ப்பொருளை 1956இல் கண்டுபிடித்தவர்கள் இதே லண்டனில், மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் இருந்த டெபரா டோனியாக், ஐவன் றொயிட் முதலியோர்.

சுரப்பு குறைந்தால் மாதவிலக்கு ஒழுங்கு தவறும், முட்டை வெளிவராமல் போகலாம். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல் எல்லாம் வரும். நாங்களோ லண்டன் குளிர், இரவு வேலை என்று அவற்றின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்! கரு தங்கினாலும், முதல் மூன்று மாதமளவும் குழந்தை தன் தைரொயிட் சுரப்புக்குத் தாயையே நம்பியிருக்கிறது. அதன் மூளை வளர்ச்சிக்கும் அது தேவை.

2011இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷகிலா தங்கரத்தினம் தலைமையில் 31 ஆய்வுகள் ஒன்றுசேர்த்துப் பார்க்கப்பட்டன. அவற்றில் 28, இந்த எதிர்ப்பொருள் உள்ள பெண்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக நேர்வதைக் காட்டின. அப்படியானால் எல்லோரும் குளிசை போடலாமா? இல்லை. சுரப்பு சரியாக இருந்து எதிர்ப்பொருள் மட்டும் உள்ள 952 பெண்களை வைத்து இந்நாட்டில் செய்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. குளிசை எடுத்தவர்களில் 37.4 வீதத்தினரும் எடுக்காதவர்களில் 37.9 வீதத்தினரும் பிள்ளை பெற்றார்கள். வித்தியாசமேயில்லை. ஆகவே அயலவரின் குளிசையை வாங்கி விழுங்காதீர்கள். கடையில் விற்கும் கடற்பாசிக் குளிசையும் வேண்டாம், கூடிய அயடீனும் கெடுதலே.

சுரப்பு உண்மையாகவே குறைந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு லீவோதைரொக்சின் குளிசை கட்டாயம் வேண்டும், கர்ப்பத்தில் நிறுத்தவே கூடாது. "பிள்ளை வயிற்றில் இருக்க மருந்தோ?" என்று மாமிமார் தடுப்பதைக் கேட்டிருக்கிறோம். மாமி மன்னிக்க வேண்டும், இதில் அவ சொல்வது பிழை. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே ஜீ.பி.க்கு ரெலிபோன் பண்ணுங்கள், பெரும்பாலும் குளிசையின் அளவைக் கூட்டவேண்டி வரும். விற்றிங்டன் வைத்தியசாலையின் முதல் கர்ப்பகாலச் சந்திப்பு வரட்டும் என்று காத்திருந்தால் முக்கியமான கிழமைகள் போய்விடும். சுரப்பு கூடி கார்பிமசோல் எடுப்பவர்கள் பிள்ளைக்கு முயல முன்னரே வைத்தியரிடம் சொல்லவேண்டும், அந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது.

குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணி. காலை ஆறு மணி வேலைக்கு ஓடுபவர்களுக்கு இது கஷ்டம்தான், எழுந்தவுடன் விழுங்கிவிட்டுப் பிறகு முகம் கழுவுங்கள். கர்ப்பத்தில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும்.

சுரப்புக் குறைவுக்குத் தொடர்ந்து குளிசை எடுப்பவர்களுக்கு இங்கிலாந்தில் மருந்துகள் இலவசம். அதற்கான எஃப்.பி.92ஏ படிவத்தை ஜீ.பி.யிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரும் இலவசம், சந்திப்பு எடுக்கும்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லுங்கள். தாயின் கரு கலைந்த கதையைப் பத்து வயது மகள் வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய தேவை இல்லை.