ஒரு டிபி மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

ராதாபுரம் வட்டாரத்தில் ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை என்று பல இடங்களில் பழைய டெஸ்க்டாப்புகள் இன்னும் உழைக்கின்றன. ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்ததும் கடைக்காரர் வள்ளியூருக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுகிறார். “ஒரு டிபி கொடுங்க” என்று டெராபைட் அளவை மட்டும் சொல்லிக் கேட்டு வாங்கி வருகிறார்.

சிக்கல் அங்கேதான்: அளவைக் கேட்கிறார், டிஸ்க்கின் வகையைக் கேட்பதில்லை.

சிஎம்ஆர் வகை டிஸ்க்கில் தரவு எழுதப்படும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் கூரை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் மறுபடி எழுதியாக வேண்டும். கோப்புகளை ஓயாமல் மாற்றும் வேலைக்கு இது ஆகாது. வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்றுமே சில மாடல்களில் எஸ்எம்ஆர் இருப்பதை வெளிப்படையாகக் குறிப்பிடாமல் விற்றுவந்தன. 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டன.

இன்னொன்று, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறை சுமார் 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்தாது. அந்த இடமும் வேண்டுமென்றால் ஜிபிடி முறை தேவை. ஜிபிடி டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் தொடங்க மதர்போர்டில் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் இருக்க வேண்டும்.

பல கடைகளுக்குப் பொருந்தும் ஏற்பாடு எளிது: விண்டோஸுக்கு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, கல்யாண வீடியோக்களுக்கு நிமிடத்துக்கு 7200 சுழற்சி கொண்ட சிஎம்ஆர் டிஸ்க்.

எந்த மாடல் எந்த வகை என்ற அட்டவணையைத் தங்கள் இதழ் ஒரு பக்கத்தில் வெளியிட்டால், வாங்கப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோவார்கள்.

– ஒரு வாசகர், ராதாபுரம்