மூன்று மலை, ஒரு பகல்



கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நம்மில் பலருக்குக் கல்லடியும் பாசிக்குடாவும்தான் நினைவுக்கு வரும். இந்த ஆனியில் நாங்கள் கூட்டாளிமார் சிலர் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே போனோம். காத்தான்குடியிலிருந்து ஒருவர், கிரானிலிருந்து ஒருவர், மற்றவர்கள் மட்டக்களப்பு நகரத்துக்காரர். குடும்பிமலை, குசலானமலை, தாந்தாமலை மூன்றையும் ஒரே பகலில் ஏறி இறங்குவது என்று பேச்சு.

புலிபாய்ந்தகல் தாண்டிப் போகும் வீதியில் மாரி வெள்ளத்தில் படகுதான் ஓடும். ஆனியில் முழங்கால் வரை புழுதி. வெளிச்சம் பரவும்போது குடும்பிமலை அடிவாரத்தில் நின்றோம். உயரம் ஏறத்தாழ 530 மீற்றர்தான்; ஆனால் சுற்றிலும் தட்டையான காடு என்பதால் அண்ணாந்து பார்க்க வைக்கிறது. அங்கே மாட்டுப்பட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர், "வெயில் ஏற முன்ன இறங்கிடணும் மனே" என்று சொல்லி வழி காட்டினார். அவர் சொல்லில் அறிவு இருந்தது. தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டில் இறக்கிவிட்டு, வறண்டு சூடேறித்தான் நம் பக்கம் கச்சானாக வருகிறது. பத்து மணிக்கு மேல் மொட்டைப் பாறையில் கால் வைக்க முடியாது.

எங்கள் வயதினருக்கு இந்த மலை செய்தியாகவே அறிமுகமானது. 2007 ஜூலையில் இராணுவம் இதைக் கைப்பற்றியபோது நாடெங்கும் இதன் பெயர் அடிபட்டது. அதற்கு முன்னும், பின்னர் சில காலமும், மலை பார்ப்பதற்கென்று இந்தப் பக்கம் வர எங்களுக்கு வாய்க்கவில்லை. சொந்த மாவட்டத்து மலையை ஏறிப் பார்க்காமலே நடுத்தர வயதுக்கு வந்துவிட்டோம். பாறையில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, கிழக்கே வயல்களையும் குளங்களையும் பார்த்தபோது, காத்தான்குடிக் கூட்டாளி சொன்னார்: "போர்ச் செய்தியில கேட்ட இடம் இவ்வளவு அழகா இருக்கும் எண்டு நான் நினைக்கல்ல மச்சான்." எங்கள் எல்லாருடைய மனத்திலும் இருந்ததும் அதுதான்.

கரடியனாற்றுப் பக்கத்துக் குசலானமலையில் வேறொரு காலம் காத்திருந்தது. அங்குள்ள பிராமிக் கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை உடையவை. முருகன் கோயிலும் உண்டு. நாம் காடு என்று ஒதுக்கி வைத்திருந்த நிலத்தில் மனிதர் எத்தனை காலமாக வாழ்ந்திருக்கிறார்கள்!

உச்சி வெயிலுக்கு உன்னிச்சைக் குளத்தோர மர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். மீன் பொரியல், எருமைத் தயிர், வழியில் வாங்கிய பாலைப்பழம். நகரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் இந்தக் குளத்திலிருந்துதான் போகிறது. அதைத் தெரிந்திருந்தும் குளத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள்.

பட்டிக்காரப் பெரியவரின் பேச்சும் அந்தச் சாப்பாட்டில் வந்தது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். மாடுகள் போகும் தடத்திலே நடந்து, பட்டியருகே நின்று பேசிய பிறகு, அந்தச் செய்தியை எங்களால் பழையபடி ஒரு மூலையில் போட்டுவிட முடியவில்லை.

பொழுது சாய முன் தாந்தாமலை. ஆடித் திருவிழாவில் நெருக்கியடிக்கும் கூட்டம் இல்லாத மலையில், முருகனைக் கும்பிட்டு ஆறுதலாக ஏறினோம். யானை நடமாடும் பகுதி என்பதால் இருட்டும்வரை தங்காமல் திரும்பினோம். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நின்ற நாள்களை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. 2014இல் பாலம் திறந்த பின் சில நிமிடத்தில் அக்கரை. தூரம் குறைந்துவிட்டது, போகாமல் இருப்பதற்கு இனி நமக்கு என்ன காரணம்?

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்துகொண்டு அதைக் கொண்டாடுகிறோம். அந்த வாவிக்கு ஆறுகள் வந்து சேர்வது மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து. நம் அரிசியும் பாலும் குடிதண்ணீரும் அங்கிருந்தே வருகின்றன. அந்த நிலத்தை நேசிக்க வேண்டுமானால் முதலில் நடந்து பார்க்க வேண்டும். தனியாக அல்ல, மொழி ஒன்றாகவும் ஊர் வேறாகவும் உள்ள கூட்டாளிமாரோடு.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஊரவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். வெற்றுப் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கல்வெட்டுப் பாறைகளில் பெயர் கீறாதீர்கள். உங்கள் ஊருக்கு அருகே உள்ள மலையைப் பற்றி அம்மம்மாவும் அப்பப்பாவும் சொன்ன கதைகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். அடுத்த மாரி மழைக்கு முன் உங்கள் பிள்ளைகளை ஒரு மலையாவது ஏற்றிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்