படுக்கையருகே செல்லாத ஆய்வு

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமம் என்ற காப்பகத்தின் விவகாரம், காணாமற்போன ஒருவரைக் கோரித் தொடுக்கப்பட்ட வழக்கால் 2023 பிப்ரவரியில் வெளிவந்தபின், அனுமதி பெறாத முதியோர் இல்லங்களும் காப்பகங்களும் உரிய கெடுவுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று மாவட்ட நிர்வாகங்கள் செய்திக்குறிப்பு வெளியிட்டதை வாசகர்கள் அறிவர். அந்த முடிவு போதாதது மட்டுமல்ல, தவறானதும்கூட. பதிவு தேவையில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பதிவையே பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் உடலை யார் பார்ப்பார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார், பார்த்ததை எங்கே எழுதி வைப்பார் என்ற கேள்விகளை எழுப்பாமலேயே கோப்பை நகர்த்திவிட்டது பெரும் பிழை.

அந்த ஏற்பாட்டின்படி முதியோர் இல்லம் சமூக நலத் துறையின் இணையதளத்திலும், மனநலம் பாதிக்கப்பட்டோரின் இல்லம் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்திடமும், மாற்றுத்திறனாளிகளின் இல்லம் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கான துறையிடமும், பெண்கள் விடுதி 2014-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். தாளில் இந்தப் பகுப்பு ஒழுங்காகத் தெரியலாம். குண்டலப்புலியூரிலோ முதியோர், மனநலம் குன்றியோர், ஆதரவற்றோர், பெண்கள் என எல்லோரும் ஒரே வளாகத்தில் இருந்தனர். அங்கிருந்து மீட்கப்பட்டோர் 140-க்கும் மேற்பட்டவர்கள். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முற்றி, பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து, உறவினர் எவரும் இல்லாத எழுபது வயதுப் பெண் ஒருவர் எந்தத் துறைக்கு உரியவர் என்பதை இந்தப் பகுப்பு சொல்வதில்லை. நான்கு துறைகளும் அவரைத் தம் பொறுப்பு என்று சொல்ல முடியும். ஒவ்வொன்றும் அவர் மற்றொன்றின் பொறுப்பு என்றும் சொல்லிவிட முடியும்.

பதிவுக்குக் கேட்கப்படுபவை என்ன என்று பார்த்தால் குறை இன்னும் தெளிவாகும். அறக்கட்டளையின் பதிவுப் பத்திரம், கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, தணிக்கையாளர் அளித்த கணக்கு ஆகியவையே இத்தகைய கோப்புகளில் பொதுவாக இடம்பெறுபவை. இவற்றுள் ஒன்றும் வீணல்ல. தீயணைப்புச் சான்று இல்லாத கட்டடத்தில் நோயாளிகளை வைத்திருப்பது குற்றமே. ஆயினும் இவை அனைத்தும் கட்டடத்தையும் நிர்வாகத்தையும் பற்றியவை. அந்தக் கட்டடத்துக்குள் கிடக்கும் மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இவற்றுள் ஒரு தாளும் சாட்சி சொல்லாது.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளலாம். தானாகப் புரண்டு படுக்க இயலாதவரின் முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் போன்ற, எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் உடலின் எடையே தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் உண்டாகும் புண் அது. மருத்துவர்கள் அதை நான்கு நிலைகளாகப் பகுக்கின்றனர். முதல் நிலையில் தோல் கிழிவதில்லை. விரலால் அழுத்தினாலும் மாறாத சிவப்புத் திட்டு மட்டுமே தோன்றும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருப்பதைக் கொண்டே அறிய வேண்டும். கவனிக்காமல் விட்டால் நான்காம் நிலையில் சதை கரைந்து எலும்பே வெளியே தெரியும். அதன் வழியாக இரத்தத்தில் கிருமி கலந்து உயிரும் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், ஈரத்துணியை உடனுக்குடன் மாற்றுவதும், போதிய உணவளிப்பதும் இதைப் பெருமளவு தடுக்கும் என்பது செவிலியர் பயிற்சியின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. ஆகவே ஓர் இல்லத்தில் படுக்கைப் புண் பெருகியிருக்கிறது என்றால் அங்கே ஆள் போதவில்லை, அல்லது இருக்கும் ஆட்கள் புரட்டிப் போடுவதில்லை என்று பொருள். பராமரிப்பின் தரத்தை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் சான்று வேறில்லை. ஆனால் போர்வையை விலக்கி, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்க்காத எவருக்கும் அது தென்படாது. வருவாய்த் துறை அலுவலரோ சமூக நலத் துறை அலுவலரோ அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமல்ல, நோயாளிக்கும் நியாயமல்ல. அதற்குச் செவிலியர் வேண்டும், மருத்துவர் வேண்டும்.

ஆள் கணக்கும் இத்தகையதே. இரவுப் பணியில் இருவர் மட்டும் இருக்கும் கூடத்தில் இருபது படுக்கை நோயாளிகள் உள்ளனர் என்றும், ஒருவரைப் புரட்டித் துணி மாற்ற அவ்விருவருக்கும் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கே 100 நிமிடம் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் எஞ்சுவது 20 நிமிடம். தண்ணீர் கேட்பவர், கழிப்பறைக்கு எழுந்து தடுக்கி விழுபவர், மூச்சுத் திணறுபவர் எல்லோருக்கும் அந்த 20 நிமிடந்தான். பகல் பதினொரு மணிக்கு, அதுவும் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு வரும் ஆய்வுக் குழுவின் கண்ணில் இந்த இரவு படாது. மாதந்தோறும் எடை பார்த்து எழுதும் குறிப்பேடு இருக்கிறதா, மூன்று மாதத்தில் எத்தனை பேர் எத்தனை கிலோ இளைத்திருக்கின்றனர், மருந்து அட்டையில் தூக்க மாத்திரை யார் யாருக்கு, எந்த மருத்துவரின் கையொப்பத்தோடு எழுதப்பட்டிருக்கிறது, சிறுநீர்க் குழாய் செருகப்பட்டவருக்கு அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, இரவில் பூட்டப்படும் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது ஆகியவைதாம் கேட்கப்பட வேண்டியவை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இதை உணர்ந்தே செயல்பட்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தன் 54-ஆம் பிரிவில், குழந்தைகள் தங்கியிருக்கும் ஒவ்வோர் இல்லத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மூவருக்குக் குறையாத குழு நேரில் சென்று பார்க்க வேண்டும், அவர்களுள் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. முதியோருக்கான 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்திலோ தனியார் நடத்தும் இல்லங்களைப் பதிவு செய்யவும் குறித்த இடைவெளியில் ஆய்வு செய்யவும் ஒரு பிரிவும் இல்லை. மாவட்டத்துக்கு 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் ஒன்றையேனும் மாநில அரசு அமைக்கலாம் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. இக்குறையை நீக்கும் பொருட்டு 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, பராமரிப்பு இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்க முன்வந்தது. நிலைக்குழுவுக்குப் போய்த் திரும்பியும் நிறைவேறாமல், 2024-இல் அந்த மக்களவையின் காலத்தோடு காலாவதியானது. பத்து வயதுச் சிறுவனுக்கு வேண்டிய மருத்துவக் கண், வாய்பேச இயலாத எண்பது வயதுத் தாய்க்கு வேண்டாம் என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

இவ்வாறு முடிவெடுப்போருக்கு இது முதல் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கீற்றுக் கொட்டகையில் தீக்கிரையாயினர். உரிமம் பெறாத மனநலக் காப்பகத்தை நடத்தக்கூடாது என்று சொன்ன 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. பார்வையாளர் குழு, அதாவது காப்பகத்துக்கு நேரில் சென்று நோயாளிகளைக் கண்டு வர நியமிக்கப்படுவோர், மாதம் ஒருமுறையேனும் கூட்டாக ஆய்வு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லியிருந்தது. சட்டம் இருந்தது, போய்ப் பார்க்க ஆள் இல்லை. தீக்குப் பின் ஒரு வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அவசர அவசரமாக இடம் மாற்றப்பட்டனர்.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், இறந்தவர் உடலோடும் காய்கறி மூட்டைகளோடும் ஒரே வேனில் ஏற்றிச் செல்லப்பட்ட மூதாட்டி எழுப்பிய கூக்குரலால் ஒரு கருணை இல்லத்தின் நிலை வெளியே தெரிந்தது. அந்த இல்லத்தின் உரிமம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததை அதிகாரிகள் அப்போதுதான் சொன்னார்கள். இல்ல நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது வேறு செய்தி. நெடுங்காலமாக நூற்றுக்கணக்கானோர் தங்கியிருந்த இடத்தில் நடப்பதை அறிய ஒரு மூதாட்டியின் குரல் தேவைப்பட்டது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. குண்டலப்புலியூர் விவகாரமும் ஆட்கொணர்வு மனுவால், அதாவது காணாமற்போனவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கோரும் வழக்கால் வெளிவந்தது. அந்த ஆசிரமம் 2005 முதல் நடந்துவந்தது. முதலில் தீ, அடுத்துக் கூக்குரல், பிறகு வழக்கு. மூன்றில் ஒன்றையேனும் அரசின் வழக்கமான ஆய்வு கண்டுபிடிக்கவில்லை. குண்டலப்புலியூரில் இருந்தோர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது மீட்புக்குப் பின்னர்தான். ஆண்டுதோறும் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை அது.

சட்டம் தாளிலேயே நின்றுவிடுவது இல்லங்களோடு முடிவதில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழகம் 1997-இல் இயற்றிய சட்டத்துக்கு விதிகள் வகுக்கப்பட்ட ஆண்டு 2018. விதி இல்லாத சட்டம் இருபத்தொரு ஆண்டுகள் அலமாரியில் இருந்தது. விருதுநகர் மாவட்டத்தாருக்கு ஆய்வு என்றால் என்னவென்று பட்டாசு ஆலைகள் கற்றுக்கொடுத்திருக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் வெடிவிபத்தில் மாண்டபோது, விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் முன்னரே இடைநிறுத்தம் செய்யப்பட்டிருந்தது என்ற செய்தி வெளியானது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் விசாரணை, நிவாரணம், ஆய்வுக் குழு என்ற அதே வரிசைதான் திரும்பியது. ஆய்வில் கண்டது அன்று மாலையே கதவைப் பூட்டும் செயலாக மாறாவிட்டால் அந்த ஆய்வு நடக்காததற்குச் சமம்.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும் என்பது தெரிந்ததே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் பத்துப் பேரில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். 2021-க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. இந்த ஏற்றம் திடீரென வந்ததன்று. இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்யும் ஆணையம் தன் அறிக்கையை எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. தரமதிப்பை இல்லத்தின் உள்ளேயே பார்வையில் படும்படி வைக்க வேண்டும். அமெரிக்காவில் செவிலியர் பராமரிப்பு இல்லங்களை 15 மாதத்துக்குள் ஒருமுறை, முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்வது கட்டாயம். அந்நாடுகளிலும் கொடுமைகள் நடக்கின்றன. இங்கிலாந்து ஆணையமே பெரிதும் தவறியிருக்கிறது என்று 2024-இல் அந்நாட்டு அரசு அமைத்த மறுஆய்வு கூறியது. ஆனால் தவறியதை ஊரறியச் சொல்ல அங்கே ஓர் அறிக்கையாவது இருந்தது. இங்கே விருதுநகர் மாவட்டம் செட்டியார்பட்டியில் வசிக்கும் ஒருவர், தம் தாயைச் சேர்க்க எண்ணியிருக்கும் இல்லத்தைப் பற்றி அரசு அலுவலர் கடைசியாக என்ன எழுதினார் என்று அறிய விரும்பினால், ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட வேண்டும். முதியோருக்கான 14567 என்ற உதவி எண் இருக்கிறது. கைபேசியும் இல்லாமல், எழுந்து அமரவும் இயலாமல் கிடப்பவர் அதை அழைக்கப்போவதில்லை.

இராஜபாளையம் வட்டாரத்தின் சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி நாடெங்கும் நோயாளிகளின் புண்ணைக் கட்டுகிறது. இந்தப் பகுதியின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போய், வயதானோர் வீட்டில் தனித்து நிற்பது பெருகிவரும் காலத்தில், இல்லங்களும் பெருகத்தான் செய்யும். அவற்றுள் பொறுப்போடு நடப்பவை பல. தாளில் எல்லாம் சரியாக வைத்திருக்கும் மோசமான இல்லத்தையும் உழைத்து நடத்தும் நல்ல இல்லத்தையும் ஒரே சான்றிதழால் சமமாக்கிவிடும் ஏற்பாடு, நல்லவர்களுக்கே முதலில் அநீதி செய்கிறது. ஆய்வுக்குப் போகும் குழுவில் மருத்துவ அறிவு உள்ளவர் இருக்கவும், அக்குழு சொல்லாமல் போகவும், எழுதியது வெளியே வரவும் அரசு வழி செய்தாக வேண்டும். எந்தத் துறை, எந்த நிதி என்பதை முடிவு செய்வது ஆட்சியில் இருப்போரின் வேலை. பதிவுக் கெடு விதித்தோம் என்பதைச் செய்து முடித்த வேலையாக இனியும் எவரும் காட்டக்கூடாது.

அதுவரை, பெற்றோரை இல்லங்களில் விட்டிருப்போர் அடுத்த முறை செல்லும்போது, வரவேற்பறையோடு திரும்பாமல் படுக்கையருகே சென்று, போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். எடைக் குறிப்பேட்டையும் மருந்து அட்டையையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். காட்ட மறுக்கும் இல்லத்தைப் பற்றி அன்றே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்ப வேண்டும்.