பச்சை மார்க்கு யாருக்கு?



வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன் நான். சராசரி என்கிற பொய்யைத் தினமும் பார்க்கிறேன். ஒருத்தன் கணக்கில் ஒரு லட்சம். ஒன்பது பேர் கணக்கில் ஒண்ணுமில்லை. கூட்டி வகுத்தால் ஆளுக்குப் பத்தாயிரம்! சுகாதாரக் கணக்கும் இப்படித்தான். நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சு என்பார்கள். விட்டுப்போன பத்தும் எந்தத் தெருப் பிள்ளைகள்? அது ஏட்டில் இருக்காது.

2007இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் ஒரு காரியம் செய்து பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு அதிகாரி அல்ல, ஜனங்களே மார்க் போடுவது. நல்லாயிருந்தா பச்சை, சுமார்னா மஞ்சள், மோசம்னா சிவப்பு. இங்கே அது சில மாவட்டங்களைத் தாண்டவில்லை. இப்போது மாவட்டந்தோறும் சுகாதாரப் பேரவை கூட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஊருக்கு ஒரே அட்டை என்றால், ஊர்த்தெருவின் பச்சை சேரியின் சிவப்பைத் தின்றுவிடும்.

இது கற்பனையல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்து 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீட்டுக்குள் நுழைய மறுத்ததைச் சொன்னது.

நம் கள்ளக்குறிச்சியைப் பாருங்கள். 2022இல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்துச் சாராயச் சாவு அறுபதைத் தாண்டியபோது, உயிருக்குப் போராடியவர்களைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஜிப்மருக்கும் ஏற்றிப் போனார்கள். அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களுக்கு என்ன செய்தீர்கள் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்திருக்கிற நாம் அதற்கு முன்னாடி எத்தனை தடவை கேட்டோம்?

ஆகவே ஒரு வேலை. ஊர்த்தெருவுக்கு ஓர் அட்டை, காலனிக்கு ஓர் அட்டை, மலைக் குக்கிராமத்துக்கு ஓர் அட்டை. நர்சம்மா வீட்டுக்குள்ள வந்தாங்களா, வாசலோட போயிட்டாங்களா? 108 வண்டி எதுவரைக்கும் வந்தது? மாத்திரை குடுத்தாங்களா, வெளியே வாங்கச் சொன்னாங்களா? 'வா, போ'ன்னாங்களா, 'வாங்க, போங்க'ன்னாங்களா? மார்க் போடுவது நாமல்ல, அந்தத் தெருப் பெண்கள். எழுத வராதவர்கள் கலர்ப் பொட்டு வைக்கட்டும்.

நர்சம்மாவோடு சண்டை பிடிக்க அல்ல இது. மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. தலையை எண்ணினார்கள்; பாதையை எண்ணவில்லை. அந்தப் பாதையில் நடப்பது அவரும்தான். ஆனால் சாதி பார்த்து ஆஸ்பத்திரியில் நுழையவிடாமல் தடுத்தால் அது வேறு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தீர்மான நோட்டில் ஏற்றாமல் எழுந்திருக்காதீர்கள்.

சராசரியில் நாம் சாவதில்லை தோழர்களே. ஒவ்வொருத்தராகத்தான் சாகிறோம்.