சீட் ‘வாங்க’ வேண்டியதில்லை தம்பி!

போன வருஷம் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் திருப்பாலைவனம். பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ் பிடித்தால் வழியில் வரும். அங்கிருந்து ஏரிக்கரைக் குப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஒரு நடை போனேன். அத்தை பையன் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தான். கட்ஆஃப் 140. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. அந்தக் குடும்பத்தில் டிகிரி வரைக்கும் போன ஆள் யாரும் இல்லை.

“சீட் போட்டாச்சுப்பா”ன்னு மாமா சந்தோஷமா சொன்னார். யாரோ ‘கன்சல்டன்சி’ ஆளாம், வீட்டுக்கே வந்தாராம். “140-க்கெல்லாம் கவுன்சிலிங்ல ஒண்ணும் கிடைக்காது, இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் கன்ஃபார்ம்”ன்னாராம். மாமா இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டிவிட்டார். டி.சி., மார்க்‌ஷீட் எல்லாம் ஒரிஜினலாகவே கைமாறிவிட்டது. சேர்த்தது மேனேஜ்மென்ட் கோட்டாவில்.

ஃபீஸே கட்டாமல் படித்திருக்க வேண்டிய பையன் அவன்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. உங்க ஊரிலும் நடந்திருக்கும். அதனால் நம்ம வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கும் சில தப்பான நம்பிக்கைகளை இங்கே உடைத்துப் பேசலாம்.

முதல் நம்பிக்கை: “கட்ஆஃப் கம்மி, கவுன்சிலிங் வேஸ்ட்.” கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்குத்தான் இந்தக் கட்ஆஃப். ஒவ்வொரு வருஷமும் கவுன்சிலிங் முடியும்போது ஆயிரக்கணக்கான சீட்டுகள் காலியாகவே நிற்கின்றன. 140 எடுத்தவனுக்கு ‘ஒண்ணுமே கிடைக்காது’ என்பது சுத்தப் பொய். விரும்பிய கல்லூரி கிடைக்காமல் போகலாம். அது வேறு பேச்சு.

இரண்டாவது: “அரசுப் பள்ளியில் படிச்சதால என்ன பெரிசா கிடைச்சிடும்?” 2021-லிருந்து பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவர்களுக்குத் தனி ரேங்க் பட்டியல் உண்டு. இதில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியாகவே இருந்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு கட்டுகிறது. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. நம்ம பக்கம் நிறைய பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கடைசியில் ஏமாந்து போகிறார்கள்.

மூன்றாவது: “முதல் பட்டதாரி சலுகை எங்க சேர்ந்தாலும் கிடைக்கும்.” கிடைக்காது. அந்தச் சலுகையும் சரி, 7.5-ம் சரி, கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்துப் போட்ட நிமிஷம் இரண்டும் போச்சு. என் அத்தை பையன் இழந்தது இதைத்தான். எந்தக் கன்சல்டன்சிக்காரரும் இதை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

நான்காவது, சாய்ஸ் ஃபில்லிங் பயம். “பெரிய காலேஜை மேல போட்டா கீழ இருக்கிறதும் போயிடும்”னு ஒரு வதந்தி. பழவேற்காட்டு ஆட்களுக்குப் ‘பாடு’ தெரியும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் இறங்க முடியாது. கவுன்சிலிங்கும் முறைதான். இங்கே முறையைத் தீர்மானிப்பது குலுக்கல் இல்லை, மார்க். உங்க முறை வரும்போது உங்க பட்டியலை மேலிருந்து கீழே பார்ப்பார்கள். காலியாக இருக்கும் முதல் இடம் உங்களுக்கு. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அதே கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும் உங்களைத் தாண்டி எடுக்க முடியாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். அதனால் ஆசைப்பட்டதை மேலே போடுங்க, கிடைக்கக்கூடியதைக் கீழே நிறைய போடுங்க. ஒதுக்கீடு வந்த பிறகு கொடுத்த நாட்களுக்குள் உறுதி செய்ய மறந்தால் சீட் கைவிட்டுப் போகும்.

ஐந்தாவது: “எம்.பி.சி.ன்னா அந்த 20 சதவீதத்துக்குள்ளதான்.” தப்பு. 69 சதவீத இடஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி, எல்லாருக்குமானது. மார்க் இருந்தால் மீனவர் வீட்டுப் பிள்ளையும் அதில் வரலாம்.

ஆறாவது: “டி.என்.இ.ஏ.க்கு அப்ளை பண்ணா எல்லாத்துக்கும் பண்ண மாதிரி.” இல்லை. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. அதற்கு விண்ணப்பம் தனி, கடைசித் தேதி தனி. பி.எஃப்.எஸ்சி.க்கு உயிரியல் படித்திருக்க வேண்டும். மீனவர் பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடும் உண்டு. ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு இது கூடத் தெரியாமல் இருப்பது யார் தப்பு?

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாம் தெரிந்து, கையில் காசு இருந்து, இந்தக் கல்லூரிதான் வேணும்னு சேர்வது அவங்கவங்க இஷ்டம். தெரியாமல் சேர வைப்பதுதான் பிரச்சினை. டி.சி. அவங்க கையில் இருக்கு, இனி வேற எங்கயும் சேர முடியாதுன்னு மாமா பயந்துவிட்டார். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. அது மாமாவுக்கு எப்படித் தெரியும்?

2018-லிருந்து கவுன்சிலிங் ஆன்லைன். அதற்கு முன்னால் சென்னைக்கு அண்ணா யுனிவர்சிட்டி வரைக்கும் போகணும். இப்போது அந்த அலைச்சல் இல்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் உதவி மையங்கள் வேறு. எல்லாம் சரி. ஆனால் வெப்சைட் குப்பத்துக்கு நடந்து வராது. கன்சல்டன்சிக்காரர் வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த டீயைக் குடித்து, புரிகிற மாதிரி பேசுகிறார். அவர் ஜெயிப்பது அதனால்தான்.

எனக்கு அந்த ஆள் மேல் இருந்த கோபத்தை விட என் மேல்தான் அதிகக் கோபம். நானும் இதே கவுன்சிலிங்கில் வந்தவன். எல்லாம் தெரியும். ஒரு போன் பண்ணவில்லை. “அண்ணா, நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”ன்னு அவன் கேட்டபோது பதில் இல்லை. அவன் இப்போது முதல் வருஷம் படிக்கிறான். மாமா பிடிக்கிற இறால் இன்னும் அந்த வியாபாரி சொல்கிற விலைக்குத்தான் போகிறது, முன்பணம் தீரும் வரைக்கும்.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு தடவை சாய்ஸ் ஃபில் பண்ணினவங்கதான். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்னாடியே உங்க தெருவில், உங்க குப்பத்தில் பிளஸ் டூ படிக்கிறது யார் யார்னு விசாரிங்க. லேப்டாப்போட ஒரு சாயங்காலம் போய் உட்காருங்க. முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று எல்லாத்துக்கும் இ-சேவையில் முன்கூட்டியே போடச் சொல்லுங்க. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதேன்னு சொல்லுங்க.

ரெண்டு மணி நேர வேலை. ஒரு வீட்டுக்கு அது நாலு வருஷக் கடன்.