பதினால்வருக்கும் அஞ்சலி

2021-ஆம் வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர், குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் வீழ்ந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவியார் மதுலிகா உள்ளிட்ட 13 பேர் அன்றே மாண்டனர். குரூப் காப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, 15-ஆம் தேதி பெங்களூரில் உயிர் நீத்தார்.

ஜெனரலின் நாமத்தைத் தேசம் முழுதும் அறியும். உடன் மடிந்த லான்ஸ் நாயக் சாய் தேஜாவையும், விமானப்படை வீரர் பிரதீப்பையும் எத்தனை பேர் அறிவர்? திடீரென வானிலை மாறி, மேகத்துள் புகுந்து விமானி திசை மயங்கியதே காரணமென விசாரணைக் குழு 2022-இல் கண்டது. மேகமும் மலையும் அந்தஸ்து பார்க்கவில்லை. நம் நினைவு மட்டும் பார்க்கலாமோ?

நஞ்சப்பசத்திரத்து ஏழை ஜனங்கள் தீயை நோக்கி ஓடினர்; காயமுற்றோரைத் தூக்கத் தங்கள் கம்பளிகளைக் கொடுத்தனர். அவர் யார், என்ன பதவி என்று வினவினாரில்லை. அவர்களே இவ்விஷயத்தில் நமக்கு ஆசான்கள்.

மணப்பட்டு போன்ற நமது கிராமங்களிலும் ஆண்டுதோறும் அந்நாளில் பதினான்கு பெயர்களையும் ஒருங்கே வாசித்து வணங்குவோமாக! ஒன்றாய்ச் சென்று ஒன்றாய் மாண்ட சகாக்களைப் பிரித்துப் போற்றுதல் தர்மமன்று.