ஒரு டாங்க் பெட்ரோலுக்குள் 21 கிலோ மக்காச்சோளம்

போன மாதம் எங்கள் ஊர் டீக்கடையில் பக்கத்துக் காட்டுக்காரத் தம்பி ஒரு சேதி சொன்னார். "சார், இப்ப வர்ற பெட்ரோல் 95 ஆக்டேனாம். முன்னாடி 91தானாம். வண்டிக்குக் குதிரைத்திறன் கூடுமாம். அதுல கலக்குற எத்தனாலும் நம்ம மக்காச்சோளத்துல இருந்துதான் வருதாம். நீங்களும் அந்த மூணு ஏக்கர்ல மக்காச்சோளத்தையே போட்டுருங்க. எதுக்கு இந்தச் சோளம், துவரைன்னு கஷ்டப்படுறீங்க?"

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடாதவனை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வங்கியில் முப்பது வருடம் பேரேடு புரட்டியவன் நான். யார் என்ன சொன்னாலும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது.

முதலில் குதிரைத்திறன். ஆக்டேன் எண் என்பது எரிபொருளின் சக்தி அல்ல. என்ஜினுக்குள் அழுத்தும்போது, தானாகவே கண்டபடி வெடிக்காமல் தாங்கும் பொறுமைதான் அது. அந்தப் பொறுமை இல்லாவிட்டால்தான் 'டிக் டிக்' என்று நாக்கிங் சத்தம் வரும். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், ஆக்டேன் என்பது கடன் வரம்பு, கையிருப்பு அல்ல. ஒரு லட்ச ரூபாய்க்கு வியாபாரம் செய்பவருக்கு ஐந்து லட்சம் வரம்பு கொடுத்தால் அவர் லாபம் கூடிவிடுமா? கூடாது. வியாபாரத்தைப் பெருக்கினால்தான் கூடும். அதேபோல, அதிக அழுத்த விகிதத்தில் வடிவமைத்த என்ஜின் இருந்தால் எத்தனாலின் உயர்ந்த ஆக்டேனை வைத்துத் திறனைக் கூட்டலாம். எத்தனால் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும்; அதுவும் ஒரு அனுகூலம். ஆனால் நம்மிடம் ஓடும் பழைய வண்டிகளின் அழுத்த விகிதம் தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். பெட்ரோல் மாறியதால் அது மாறாது.

கையிருப்பு எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. எண்பதுக்கு இருபது கலந்தால் 30க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. அதாவது ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. புதிய வண்டியின் கணினி இதைப் புரிந்துகொண்டு கொஞ்சம் கூடுதலாக எரிபொருளை விட்டு இழுவையைச் சமாளித்துவிடும். மைலேஜில்தான் துண்டு விழும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையே, பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்கிறது. E20க்கென்றே சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த என் பழைய கார் இப்போது 14 கொடுக்கிறது. விலை மட்டும் குறையவில்லை.

கார்பரேட்டர் வைத்த சின்ன என்ஜின்களின் கதை வேறு. அங்கே கணினி கிடையாது; கலவையில் எரிபொருள் குறைந்து சூடு ஏறும். அதோடு எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம்; காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் இரண்டு மாதம் சும்மா கிடந்த என் புல்வெட்டும் மெஷின் தை மாதம் கிளம்பவே இல்லை. கார்பரேட்டரில் பச்சையாகப் படிவு, ரப்பர் டியூப் உப்பிப் போயிருந்தது. பவர் ஸ்பிரேயர், களையெடுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: வேலை முடிந்து ஓரமாக வைக்கும்போது டாங்கை வடித்துவிட்டு, கார்பரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணையுங்கள்.

இனி வயல் கணக்கு. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 40 லிட்டர் டாங்கை E20ஆல் நிரப்பினால் உள்ளே 8 லிட்டர் எத்தனால். அத்தனையும் மக்காச்சோளத்தில் இருந்து வந்தால் 21 கிலோ தானியம். கார் திருச்சிக்கும் அக்கம்பக்கத்துக்கும் சில தடவை போய்வந்தால் தீர்ந்தது. மாவுச்சத்து போக மிஞ்சும் சக்கை, எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, தீவனமாகத் திரும்பி வருகிறது. அதையும் வரவில் எழுதத்தான் வேண்டும். கரும்பு என்றால்? அதே நிதி ஆயோக் அறிக்கையின்படி ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எத்தனால் ஆலைகள் வாங்க ஆரம்பித்ததால் மக்காச்சோளத்துக்கு விலை கிடைத்தது. கரும்பு ஆலைகளுக்குப் பணம் புரண்டது. எண்ணெய் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி மிச்சம். உண்மைதான். ஆனால் அதே விலையால் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் தீவனச் செலவில் திணறினார்கள். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் பெரிய அளவில் இறக்குமதி செய்தது.

இன்னொன்று, இந்தச் சந்தை அரசாணையில் தொங்குகிறது. 2023 ஜூலையில் எத்தனாலுக்கு மத்தியத் தொகுப்பு அரிசி நின்றது. அதே டிசம்பரில் கரும்புச்சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு இரண்டும் தளர்ந்தன. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிக் கடை போடுகிறவருக்குக் கடன் கொடுக்க நான் மேனேஜராக இருந்தபோதே யோசிப்பேன். இப்போது என் நிலத்தையே அப்படி அடமானம் வைப்பேனா? ஒட்டுரக விதை, களைக்கொல்லி, படைப்புழுவுக்கு மருந்து, மூட்டை மூட்டையாக யூரியா என்று விளைவித்துக் கொடுத்துவிட்டு, அதை 'பசுமை எரிபொருள்' என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை.

எத்தனாலே வேண்டாம் என்பதல்ல என் வாதம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸில் இருந்து வரட்டும். மனிதர் உண்ணத் தகாத கெட்டுப்போன தானியத்தில் இருந்து வரட்டும். பானிபட்டில் 2022இல் தொடங்கிய ஆலை போல, இல்லையென்றால் வயலில் கொளுத்தப்படும் வைக்கோலில் இருந்தும் வரட்டும். நம் வயலில் தட்டை கழிவு அல்ல, மூடாக்கு. அதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். பங்கில் கலப்பு குறைந்த பெட்ரோலும் வாங்கக் கிடைக்க வேண்டும். பிரேசிலில் பல ஆண்டுகளாகத் தனி எத்தனாலும் கலப்பு பெட்ரோலும் ஒரே பங்கில் தனித்தனி விலையில் விற்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் லாபம் என்று அங்கே சாதாரண மக்களே கணக்குப் போடுகிறார்கள். ஆற்றலுக்கு ஏற்ற விலை, வாங்குபவருக்குத் தேர்வு. இந்த இரண்டையும் நாமும் கேட்க வேண்டும்.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். "கணக்கெல்லாம் சரி சார், எனக்கு இந்த வருசம் வட்டி கட்டணுமே" என்றார். அதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. சோளத்துக்கும் துவரைக்கும் நிச்சய விலையும், ஊருக்குள்ளேயே வாங்க ஆளும் இருந்தால்தான் அவருக்குப் பதில் சொல்ல முடியும். அதை நம் இயக்கம்தான் கையில் எடுக்க வேண்டும். என் மூன்று ஏக்கரில் இந்த ஆடியிலும் சோளமும் துவரையும்தான்.